மயிரும் கயிறும்: பள்ளி ஒழுங்கு விதிகளும் நன்னூற் பொதுப்பாயிரமும் – கொங்குப் பின்னணியில் ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிகளில் மாணவர்க்கென வகுக்கப்பெறும் நடத்தை விதிகள் ‘ஒழுக்கம்’ என்னும் சொல்லால் வழங்கப்பெறினும், அவை பெரிதும் கருதுவது தோற்ற ஒழுங்கையே. தமிழ் மரபில் கற்றல் கற்பித்தலுக்கு விதி வகுத்த நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியரையும் மாணாக்கரையும் ஒருசேர விதிக்குள் நிறுத்தியது. இன்றைய விதிகள் மாணவரை மட்டுமே நிறுத்துகின்றன. இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, இரா. நடராசனின் ‘ஆயிஷா’, பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’, அவர்தம் கல்விக் கட்டுரைகள், அவர் தொகுத்த ‘சாதியும் நானும்’ ஆகியவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மாணவரின் தலைமயிர் குறித்த விதி எளிதில் நடைமுறையாவதும், மணிக்கட்டுச் சாதிக்கயிறு குறித்த விதி பின்வாங்கப்படுவதும் ஏன் என்பது இதன் மைய வினா.

திறவுச் சொற்கள்: நன்னூல், பொதுப்பாயிரம், பள்ளி ஒழுங்கு, உடற்றண்டனை, ஆயிஷா, பெருமாள்முருகன், கொங்கு வட்டாரம், சாதிக்கயிறு

மூன்று சொற்கள்

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில், அவினாசிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் வழி பிரியும் இடத்தில் அமைந்த ஊர் அன்னூர். சுற்றிலுமுள்ள சிற்றூர்ப் பிள்ளைகள் மேல்நிலைக் கல்விக்கு வந்து சேரும் இடங்களுள் அதுவும் ஒன்று. தோட்ட வேலையையும் பஞ்சாலையையும் விசைத்தறியையும் நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளும், நிலவுடைமைக் குடும்பங்களின் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் இத்தகைய ஊர்களில் காலை வழிபாட்டுக் கூட்டம் மட்டுமே எனலாம். அவ்வரிசையில்தான் பள்ளியின் ஒழுங்கு விதிகள் முதன்முதலாக மாணவரின் உடலைத் தொடுகின்றன. சட்டை உள்ளே செருகப்பட்டுள்ளதா, காலுறை உண்டா, முடி காதைத் தொடுகிறதா என்பன ஒவ்வொரு தலையாகப் பார்க்கப்படுகின்றன.

இப்பார்வைக்குப் பள்ளி வழங்கும் பெயர் ‘ஒழுக்கம்’. ஒழுகுதல் என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், ஒருவர் தாமே மேற்கொண்டு நடக்கும் நெறியைக் குறிப்பது. திருக்குறளின் ஒழுக்கமுடைமை அதிகாரம் இப்பொருளிலேயே அதனை உயிரினும் மேலாகப் போற்றுகிறது. ‘ஒழுங்கு’ என்பதோ வரிசை, முறைமை என்னும் புறநிலையைக் குறிப்பது. ஒழுக்கம் இல்லாமலும் ஒழுங்கு இயலும்; நேராக நிற்கும் வரிசையில் பொய்யரும் நிற்கலாம். மூன்றாவதாக ஒரு சொல் உண்டு: ‘கட்டுப்பாடு’. கொங்குச் சிற்றூர்களில் ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்றால் அதற்குத் தனிப்பொருள். ஊரால் வகுக்கப்படுவது, எழுதப்படாதது, மீறியவரை ஊர் நடுவே நிறுத்தி இழிவுபடுத்துவது, விதித்தவரைக் கட்டுப்படுத்தாதது. பள்ளி விதிகள் ஒழுக்கத்தின் பெயரால் ஒழுங்கைக் கேட்டு, அதனைக் கட்டுப்பாட்டின் முறையால் நிறைவேற்றுகின்றன. மாற்றுச் சான்றிதழில் மாணவரின் ஒழுக்கத்தையும் பண்பையும் குறிக்கும் இடத்தில் ஏறத்தாழ எல்லார்க்கும் ‘நன்று’ என எழுதப்பெறுவதன் காரணமும் இதுவே. அளக்க இயலாத ஒன்றை அளந்ததாகக் காட்ட வேறு வழியில்லை.

பவணந்தியின் வரிசை

மாணவர்க்கு விதி வகுத்தல் தமிழுக்குப் புதிதன்று. பதிற்றெண் நூல்கள் தேடவேண்டியதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் ஒன்றே போதும். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளால் இயற்றப்பெற்ற இந்நூலின் ஆசிரியரது ஊர் சனகை. அதனை மைசூர்ப் பகுதியில் வைப்பாரும் உளர். பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அவ்வூர் எனக் கொங்கு மரபு உரிமை கொண்டாடுகிறது. இவ்வுரிமை வழக்கு எவ்வாறு முடியினும், நூலின் உவமைகள் கொங்கு நிலத்துக்கு அயலானவை அல்ல என்பதைக் காணலாம்.

பொதுப்பாயிரம் ஐந்து பொருளை முறையே கூறுகிறது: நூல், ஆசிரியன், பாடம் சொல்லும் முறை, மாணாக்கன், பாடம் கேட்கும் முறை. இவ்வரிசை தற்செயலானதன்று. மாணாக்கனை ஆராயும் முன் ஆசிரியன் ஆராயப்படுகிறான். அவனுக்கு நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் உவமையாகின்றன. அடுத்து ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கும் உவமைகள் வருகின்றன. போட்ட முறைமாறிக் கொட்டும் கழற்காய்க் குடம், தானே உதிர்த்தாலன்றி நெருங்க விடாத மடற்பனை, சிறிது சிறிதாகவே வெளிவிடும் பஞ்சடைத்த குண்டிகை, நீர் வார்த்தவனுக்கன்றி வேலிக்கு அப்பாலுள்ளவனுக்குக் காய் உதிர்க்கும் முடத்தெங்கு ஆகியன அவை. பனையும் பருத்தியும் தென்னையும் சூழ வாழ்வோர்க்கு இவற்றை விளக்க உரைகாரர் வேண்டியதில்லை. முடத்தெங்கு உவமை சாதி சார்ந்து பாகுபாடு காட்டும் ஆசிரியரைக் குறிப்பதாகவும் இன்று படிக்கத்தக்கது. ஒருவரின் வரிப்பணத்தில் வளர்ந்து வேறொருவரின் பிள்ளைக்கு மட்டும் காய்ப்பது அதுவே.

இத்தகாதவர் பட்டியலில் ‘அச்சமாடல்’ என்ற ஒன்றும் உள்ளது. கேட்போர்க்கு அச்சம் தோன்றப் பேசுதல் என்று இதற்குப் பொருள் கூறுவர். அழுக்காறு, பேராசை, வஞ்சம் ஆகியவற்றோடு ஒரே நிரலில் அச்சுறுத்தும் பேச்சும் வைக்கப்பட்டுள்ளது. அச்சுறுத்துபவர் கண்டிப்பான ஆசிரியர் என்றோ பழைய காலத்து ஆசிரியர் என்றோ பவணந்தி கூறவில்லை. அவர் ஆசிரியரே அல்லர் என்கிறார். ‘அந்தக் காலத்தில் வாத்தியார் என்றால் நடுங்குவோம்’ எனப் பெருமையோடு மரபைத் துணைக்கழைக்கும் மேடைப்பேச்சுகள் இந்நூற்பாவை அறிந்தனவாகத் தெரியவில்லை.

ஆயினும் நன்னூலைச் சனநாயகக் கல்வியின் முன்னோடியாக உயர்த்துவது அதனைத் தவறாகப் படிப்பதாகும். பாடம் சொல்லத் தக்கவர் யாவர் என்னுமிடத்தில் தன் மகன், ஆசிரியர் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதை விரைந்து கொள்பவன் என்று அது எண்ணுகிறது. பிறப்பும் பொருளும் வாயிற்காவலர்களாக நிற்கின்றன. மாணாக்கர் ஆகாதார் பட்டியலிலோ நோயாளி, சினமுடையவன், உறங்குபவன், மந்தன், திருடன் ஆகியோர் இடம்பெறுகின்றனர். இன்றைய அரசுப் பள்ளி எவரைத் தன்னுள் வைத்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளதோ அவர்களின் பட்டியல் இது. இரவெல்லாம் தறிச் சத்தத்துக்கு நடுவே கிடந்து காலையில் வகுப்பில் தூங்கும் பிள்ளை பவணந்தியின் பார்வையில் மாணாக்கனே அல்லன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் பார்வையில் அவனே மாணவன். அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு தொடக்கக் கல்வி முடியும்வரை எக்குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு உடற்றண்டனையையும் மனத்துன்பம் தருதலையும் தடைசெய்து, மீறுவோர்மீது பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்கிறது. யாரைச் சேர்ப்பது என்பதில் சட்டம் நன்னூலுக்கு நேர்மாறு. ஆசிரியரையும் விதிக்கு உட்படுத்துவதில் இரண்டும் உடன்படுகின்றன. இவ்வுடன்பாட்டைப் பள்ளி நாட்குறிப்பேட்டில் அச்சாகும் விதிகளில் காண்பது அரிது. அவ்விதிகளில் ‘மாணவர்கள்’ என்று தொடங்கும் தொடர்களே நிரம்பியிருக்கும். ‘ஆசிரியர்கள்’ என்று தொடங்கும் தொடர் இராது.

தொங்கவிடப்பட்ட உடல்

நூல் சொன்னது ஒன்று, திண்ணை கண்டது வேறு. பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை, தென்னாட்டுப் பள்ளிகளின் அன்றாடத்தைக் காட்டும் அரிய ஆவணம். முதலில் பள்ளிக்கு வருபவன் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும், இரண்டாமவனுக்குச் சுழியம், மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, அடுத்தடுத்து வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடும். சோம்பியவனைக் கைகளைக் கட்டி விட்டத்திலிருந்து தொங்கவிடுவதும் அவ்வறிக்கையில் உண்டு. தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் இதற்குக் ‘கோதண்டம்’ என்று பெயர். இவ்வறிக்கையைத் தம் நூலில் மறுபதிப்பித்த தரம்பால், காலனியத்துக்கு முற்பட்ட கல்வியின் பரவலுக்குச் சான்றாக அதனைக் கொண்டார். பரவலைக் கண்ட கண் தொங்கிய உடலைப் போதிய அளவு காணவில்லை என்றே கூற வேண்டும். தரம்பாலைத் தமிழில் எடுத்தாள்வோரும் பெரும்பாலும் பள்ளிகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றனர்.

தொங்கவிடுதல் பள்ளிக்கு மட்டும் உரியதன்று. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) பள்ளி வாசலைக் காணாத சிறுவரின் நாவல். பண்ணையத்தில் ஆள்காரனாக விடப்பட்ட கூளையன் என்னும் சக்கிலியச் சிறுவன் தேங்காய் திருடியதற்காகக் கவுண்டரால் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்படுகிறான். வகுப்பறையின் கோதண்டமும் கிணற்றின் கயிறும் ஒரே இலக்கணம் உடையவை. குற்றத்துக்கும் தண்டனைக்கும் அளவுப் பொருத்தம் இல்லை. தண்டிப்பவரே குற்றத்தை வரையறுக்கிறார். பிறர் பார்க்க நிகழ்கிறது. கொங்குப் பள்ளியின் ஒழுங்கைப் பேசும்போது இந்நாவலை உடன் வைத்துப் படிக்கவேண்டிய தேவை இதுவே. பண்ணையத்தில் ஆளை அடக்கும் முறையும் வகுப்பறையில் மாணவரை அடக்கும் முறையும் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தாரின் கைகளில் பழகியவை. பள்ளி தனித்த தீவன்று.

சட்டம் இம்முறைக்கு மெதுவாகவே எல்லை வகுத்தது. உடற்றண்டனைக்கு இடமளித்த தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல்தான் திருத்தப்பட்டது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து 14 ஆண்டுகள் கழிந்த பின்னும், உடற்றண்டனை ஒழிப்புக்கான தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளைச் செயற்படுத்துமாறு 2024 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழக அரசுக்கு ஆணையிட வேண்டியிருந்தது.

ஆயிஷாவின் குற்றம்

தமிழில் பள்ளித் தண்டனையைப் பற்றிய புனைவு என்றவுடன் நினைவுக்கு வருவது, 1990களில் கணையாழியில் வெளிவந்து பின்னர்ச் சிறுநூலாகப் பெருந்தொகையில் பரவிய இரா. நடராசனின் ‘ஆயிஷா’. அறிவியல் ஆசிரியை ஒருவர் தாம் எழுதிய நூலுக்கு வரைந்த முன்னுரை என்ற வடிவில் அமைந்த கதை அது. கேள்வி கேட்டதற்காக மீண்டும் மீண்டும் அடிபடும் பத்தாம் வகுப்பு மாணவி, அடி வலிக்காதிருக்க உடலை மரத்துப்போகச் செய்யும் வேதிப்பொருளைத் தனக்கே ஊசிவழிச் செலுத்திக்கொண்டு இறந்துபோகிறாள்.

இக்கதை பெரும்பாலும் ‘கொடிய ஆசிரியர்கள், அறிவார்ந்த மாணவி’ என்ற எதிர்வில் படிக்கப்பெறுகிறது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் கண்ணீர் வரவழைக்கும் பாடமாகவும் அது பயன்பட்டுள்ளது. கண்ணீர் இங்கு ஒன்றை மறைத்துவிடுகிறது. ஆயிஷா எந்த விதியையும் மீறியவள் அல்லள். சீருடை, நேரம், வரிசை எதிலும் அவள்மீது குறை இல்லை. தோற்ற ஒழுங்கின் அளவுகோலில் அவள் முழுமையான மாணவி. அவள் தண்டிக்கப்படுவது ஆசிரியரின் அறியாமை வெளிப்படும் இடத்துக்கு வகுப்பறையைக் கொண்டு வந்ததற்காக. பாடம் கேட்கும் முறையை விளக்குமிடத்தில் வினாதலையும் வினாவியவற்றுக்கு விடையிறுத்தலையும் மாணாக்கனின் கடனாகவே நன்னூல் வைக்கிறது. ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்கே கிட்டும் என்றும் அது கூறுகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய விதிநூலில் கடமையாக இருந்தது, நடராசனின் வகுப்பறையில் குற்றமாக நிற்கிறது.

ஆயிஷா அடிப்பதை நிறுத்துமாறு கோருவதில்லை. அடி இருக்கத்தான் செய்யும் என்பதை ஒப்புக்கொண்டு, தன் உடலை அதற்கேற்ப மாற்ற முனைகிறாள். ஒழுங்கு முழு வெற்றி பெறும் இடம் எதிர்ப்பு அடங்கிய இடமன்று. உணர்ச்சி அடங்கிய இடம் என்பதைக் கதை சொல்லாமற் சொல்கிறது. கதைசொல்லியான ஆசிரியைக்குக் கிட்டும் விழிப்பைக் காட்டிலும் இதுவே படைப்பின் வலுவான கூறு. முன்னுரை வடிவம் ஆசிரியையின் குற்றவுணர்வுக்கு நூலொன்றைப் பரிகாரமாக அளித்துவிடுகிறது. இறந்த மாணவி எழுதப்படுகிறாள், எழுதுபவள் ஆகவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற எண்ணத்தையும் இவ்வடிவம் வாசகரிடம் விட்டுச் செல்கிறது. நல்ல ஆசிரியர் கிடைப்பது வாய்ப்பைப் பொறுத்தது. வாய்ப்பைப் பொறுத்திராத ஒன்றைத் தரவேண்டுமென்றே விதி வேண்டப்படுகிறது.

மயிர்

ஆசிரியர் தரப்பின் குறையையும் இங்குக் கேட்டாக வேண்டும். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஆசிரியை ஒருவர் வகுப்பறையிலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவரால் கொல்லப்பட்டார். பெருந்தொற்றுக்குப் பின் பள்ளிகள் முழுமையாக இயங்கத் தொடங்கிய 2022இல், ஆசிரியரை மாணவர் மிரட்டும் காணொளிகள் கைப்பேசிகளில் பரவின. ஆசிரியரிடம் தவறாக நடக்கும் மாணவர் நீக்கப்படுவர் என்றும், நீக்கத்தின் காரணம் மாற்றுச் சான்றிதழில் குறிக்கப்படும் என்றும் அவ்வாண்டு மே மாதத்தில் பள்ளிக்கல்வி அமைச்சர் அறிவித்தார். ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்ற இடத்தில் குற்றப் பதிவு வரும் என்பது இதன் பொருள். ஆசிரியர்களின் அச்சம் பொய்யன்று. சட்டம் பிரம்பை வாங்கிக்கொண்டது. பதிலுக்கு ஆற்றுப்படுத்துநரையோ சிறிய வகுப்பையோ கையில் தரவில்லை. பிரம்பு போன பின்பு ஆசிரியரின் கைக்கு எட்டியதாக எஞ்சியது மாணவரின் தலைமுடி.

இப்பின்னணியில் வெளிவந்த பெருமாள்முருகனின் கல்விக் கட்டுரைத் தொகுப்பின் தலைப்பு ‘மயிர்தான் பிரச்சினையா?’. கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தவர், அரசு கல்லூரிகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர் என்ற நிலையில், ‘முடி’ என்ற மெல்லிய சொல்லைத் தவிர்த்து ‘மயிர்’ என்பதை அவர் தேர்ந்ததில் கருத்துண்டு. இலக்கியத் தமிழில் இழுக்கற்ற இச்சொல் பேச்சில் வசையாகவும், ‘ஒன்றுமில்லாதது’ என்ற பொருளிலும் வழங்குகிறது. தலைப்பு இருமுறை கேட்கிறது: பிரச்சினை மயிரா? இது ஒரு பிரச்சினையா? மாணவரின் சிகை குறித்து ஆசிரியர் உலகம் கொள்ளும் பதற்றத்தை அவ்வுலகின் உள்ளிருந்தே ஒருவர் வினவுகிறார் என்பதில் இதன் மதிப்பு உள்ளது.

ஆயினும் ஓரிடத்தில் தலைப்பு வழிதவறச் செய்கிறது. மயிர் ஒன்றுமில்லாததன்று. திருக்குறளின் மானம் அதிகாரம் இருமுறை மயிரை உவமையாக்கி மானத்தைப் பேசுகிறது. குற்றவாளியென ஊர் தீர்த்தவருக்கு மொட்டையடித்துக் கரும்புள்ளி செம்புள்ளி குத்துவது தமிழ்ச் சமூகம் நன்கறிந்த தண்டனை. வழிபாட்டுக் கூட்டத்தில் நான்கு பேர் பார்க்க ஒரு மாணவனின் முடியில் கத்திரி வைப்பது, கத்திரி வைப்பவர் அறிந்தோ அறியாமலோ, அத்தண்டனையின் வழித்தோன்றல். கொங்கில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. சிற்றூர் முடிதிருத்தகங்களில் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்தல் தமிழகத் தீண்டாமை குறித்த கள ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் பதிவான வடிவம். அருந்ததியர் மிகுந்த மேற்கு மாவட்டங்களும் அதற்கு விலக்கல்ல. சொந்த ஊரில் உட்கார இயலாத நாற்காலியில், யாரென்று கேட்காத சாலையோரப் பேரூரில் உட்கார இயலும். அன்னூர் போன்ற ஊர்களின் முடிதிருத்தகக் கண்ணாடிக்கு முன் தான் விரும்பிய நடிகரின் சிகையைக் கேட்டுப் பெறும் சிறுவன், தன் தந்தைக்கு மறுக்கப்பட்ட ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறான். பள்ளி அதனை ஒழுங்கீனம் என்கிறது. இங்கு மயிர்தான் பிரச்சினை.

தோற்ற விதிகளே கூடாது என்பது இதன் பொருளன்று. சீருடை வீட்டின் வறுமையை வகுப்பறைக்குள் வராமல் தடுக்கிறது. அதனால் அது நிலைபெற்றது. ஒரு விதி வேறொரு குழந்தையின் தன்மதிப்பைக் காக்கிறதா என்று கேட்கலாம். காதளவு முடி யாருடைய தன்மதிப்பையும் குறைக்கவில்லை. விதி என்ற பெயரால் சுற்றறிக்கை எதையும் செய்துவிட முடியாது என்பதை 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நாட்டுப்பண் ஒலிக்கையில் எழுந்து நின்று, சமய நம்பிக்கையால் பாடாதிருந்த மூன்று பிள்ளைகளைக் கேரளப் பள்ளி வெளியேற்றியது செல்லாது எனத் தீர்ப்பானது. அப்பிள்ளைகளின் மௌனத்தால் யாருக்கும் ஊறு நேரவில்லை.

கயிறு

மேற்கூறிய அளவுகோலில் தேறும் விதி ஒன்று தமிழகத்தில் உண்டு. அதன் வரலாறு வேறுவகையானது. சில மாவட்டங்களில் மாணவர் சாதியை அறிவிக்கும் வண்ணக் கயிறுகளை மணிக்கட்டில் அணிவதைத் தடுக்குமாறு பள்ளிக்கல்வி இயக்குநர் 2019 சூலை இறுதியில் சுற்றறிக்கை அனுப்பினார். சமயச் சின்னங்களுக்கு எதிரானது என்று அதற்கு எதிர்ப்பெழுந்தது. அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சர், கோபிசெட்டிபாளையம் தொகுதியைச் சேர்ந்த கே.ஏ. செங்கோட்டையன், அது தம் கவனத்துக்கு வராமல் அனுப்பப்பட்டது என்றும் பழைய நிலையே தொடரும் என்றும் கூறினார்.

காதைத் தொடும் முடிக்கு எதிரான விதிக்கு அமைச்சரின் இசைவு எவருக்கும் தேவைப்படவில்லை. அதனைத் தலைமையாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் தம் பொறுப்பிலேயே நிறைவேற்றுகின்றனர், எதிர்ப்பு எழுவதில்லை, எழுந்தாலும் அது பெற்றோரின் தனிக்குறையாக அலுவலக அறையில் முடிகிறது. மணிக்கட்டுக் கயிற்றுக்கு எதிரான விதியோ இயக்குநர் கையொப்பம் இட்டும் நிற்கவில்லை. மயிர் தனி மாணவனுடையது. கயிற்றின் மறுமுனை ஊரில் இருக்கிறது. பள்ளி விதிகள் எளியோரின் உடல்மீது உறுதியாகவும், வலியோரின் அடையாளத்தின் முன் தயக்கமாகவும் நடந்துகொள்கின்றன என்பதை வேறெந்த எடுத்துக்காட்டும் இவ்வளவு துலக்கமாகக் காட்டாது. முன்னர்க் கூறிய மூன்று சொற்களில் வைத்துச் சொன்னால், பள்ளியின் கட்டுப்பாடு ஊர்க் கட்டுப்பாட்டோடு மோதும்போது பின்வாங்குவது பள்ளியே.

அப்பின்வாங்கலின் விலை 2023 ஆகஸ்டில் தெரிந்தது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன்பயின்ற மாணவர்கள். இதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 சூனில் முதலமைச்சரிடம் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு ஆகியன தடைசெய்யப்பட வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப்பெயர் நீங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மாணவரோடு நிறுவனத்தையும் விதிக்குள் நிறுத்தும் இவ்வகைப் பரிந்துரைகள், அறிந்தோ அறியாமலோ, பொதுப்பாயிரத்தின் வரிசைக்கு மீள்கின்றன. நெற்றிப்பொட்டைச் சேர்த்தது அறிக்கையை மீண்டும் சமயச் சர்ச்சைக்குள் தள்ளியது. சாதியை அறிவிக்கும் குறியையும் வழிபாட்டின் குறியையும் அறிக்கை இன்னும் கூர்மையாகப் பிரித்திருக்கலாம் என்ற குறையைப் புறந்தள்ள இயலாது.

நாங்குநேரி தெற்கில் உள்ளது, கொங்கு அவ்வாறானதன்று எனக் கூறுவோர் பெருமாள்முருகன் தொகுத்த ‘சாதியும் நானும்’ (2013) நூலைப் படிக்க வேண்டும். ‘கூடு’ அமைப்பின் வழி அவரோடு பழகியவர்கள், பெரும்பாலும் அவருடைய மாணவர்கள், தம் சாதி அனுபவத்தைத் தாமே எழுதிய 32 கட்டுரைகள் அதில் உள்ளன. இழிவைத் தாங்கியோர் மட்டுமன்றி இழிவு செய்யும் வீட்டில் பிறந்தோரும் அதில் எழுதியுள்ளனர். கொட்டாங்குச்சியில் காப்பி பெற்ற நினைவும், அதனை ஊற்றிய வீட்டின் நினைவும் ஒரே அட்டைக்குள் அமர்ந்திருக்கின்றன. ஆசிரியர் பேசும் கல்விக் கட்டுரைகளினும் மாணவர் எழுதும் இத்தொகுப்பே ஒழுங்கு பற்றிய சிந்தனைக்குக் கூடுதலாகப் பயன்படும் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. ‘ஆயிஷா’வில் எழுதப்படுபவளாக மட்டும் இருந்த மாணவி இங்கு எழுதுபவளாகிறாள். ஆசிரியரிடமிருந்து காற்பங்கே கிட்டும் என்ற நன்னூல், உடன்பயில்வோரிடமிருந்து மற்றொரு காற்பங்கு கிட்டும் என்கிறது. சாதியைப் பற்றிய கல்வியில் அப்பங்கு காலினும் பெரிது.

சந்துரு குழுவின் பரிந்துரைகளுள் அதிகம் பேசப்படாத ஒன்று, வகுப்பில் மாணவர் இருக்கை அகரவரிசைப்படி அமைய வேண்டும் என்பது. இதற்குப் பிரம்பு வேண்டா, கத்திரி வேண்டா, சான்றிதழில் குறிப்பும் வேண்டா. வருகைப் பதிவேடு ஒன்று போதும். யார் அருகில் யார் அமர்வது என்பதை ஊரும் உறவும் தீர்மானிக்கும் இடத்தில், அதனைத் தமிழ் நெடுங்கணக்கு தீர்மானிக்கும். இவ்விதி முதலில் சோதிப்பது மாணவரையன்று. பெயர்களை வரிசையாக வாசித்து, ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் அமரச் சொல்லவேண்டிய ஆசிரியரை.